மான் குறைந்தால் ஓநாய்தான் காரணமா?

அமெரிக்காவின் மான்டானா மாநிலச் சட்டமன்றம் 2021இல் ஓநாய் வேட்டைக்கான கட்டுப்பாடுகளை அடுத்தடுத்துத் தளர்த்தியது. சுருக்குக் கண்ணி வைக்கலாம், இறைச்சியைப் போட்டு வரவழைத்துச் சுடலாம், தனியார் நிலங்களில் இரவிலும் வேட்டையாடலாம் என்று புதிய சட்டங்கள் வந்தன. எல்க் மான்களை ஓநாய்கள் தின்று தீர்க்கின்றன, வேட்டைக்காரர்களுக்கு மிஞ்சுவதில்லை என்பது அப்போது உரக்கச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனால் அதே மாநிலத்தின் வனவிலங்குத் துறை, எல்க் மான்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டதாகச் சொல்லி, 2016 முதலே வழக்கமான வேட்டைப் பருவத்துக்கு முன்னும் பின்னும் கூடுதல் நாட்களை அறிவித்துவந்தது. பல வட்டாரங்களில் பிப்ரவரி நடுப்பகுதி வரை பெண் மான்களைச் சுட்டுக் குறைக்க அனுமதியும் கொடுத்தது. எல்க் போதவில்லை என்று சட்டமன்றம் சொன்னது. எல்க் மிகுந்துவிட்டது என்று துறை சொன்னது. வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் உண்மையை மாநிலம் முழுமைக்கும் ஒரே வாக்கியத்தில் அடக்கப் பார்த்ததால் வந்த முரண் இது. ஓநாயால் மான் வேட்டை குறைகிறதா என்ற கேள்விக்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. பனி எவ்வளவு பெய்கிறது, காடு எந்த வயதில் இருக்கிறது, கரடியும் பூமாவும் எத்தனை, மனிதர்கள் எத்தனை பெண் மான்களைச் சுடுகிறார்கள் என்பவற்றைப் பொறுத்தே ஓநாயின் பங்கு கூடுகிறது, குறைகிறது. ஆகவே மாநிலம் தழுவிய முழக்கங்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு மான் கூட்டத்தின் கணக்கையும் தனித்தனியே பார்த்துத்தான் ஓநாய்க் கொள்கையை வகுக்க வேண்டும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு, மான் வேட்டை குறைவதைப் பற்றி ஒருவர் கவலைப்படுவதே விசித்திரமாகத் தோன்றலாம். வட அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே எல்க் என்பது நம் கடமானுக்கு உறவான பெரிய மான். ஒன்றைச் சுட்டால் ஒரு குடும்பத்துக்குப் பல மாத இறைச்சி கிடைக்கும். மலையோரச் சிற்றூர்களில் விடுதிகளும் வழிகாட்டிகளும் இறைச்சி வெட்டித்தரும் கடைகளும் இலையுதிர்கால வேட்டைப் பருவத்தை நம்பியே பிழைக்கின்றன. வேட்டை உரிமக் கட்டணமும், 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீது வசூலாகும் வரியும்தான் மாநில வனவிலங்குத் துறைகளின் முதுகெலும்பு. மான்களைக் கணக்கெடுக்கவும் மேய்ச்சல் நிலங்களைக் காக்கவும் அந்தப் பணமே செலவாகிறது. எனவே வேட்டைக்காரரின் முறையீட்டை வெறும் இரத்த வெறி என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. அவர் கேட்கும் கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்குத் தரப்படும் அவசரப் பதில்தான் தவறு.

அந்தப் பதிலுக்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படும் இடம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. அங்கே 1926ஆம் ஆண்டு வாக்கில் ஓநாய்கள் முற்றிலும் ஒழிக்கப்பட்டன. 1995இலும் 1996இலும் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் கொண்டுவரப்பட்டுப் பூங்காவில் விடப்பட்டன. 1994இல் சுமார் 19,000ஆக இருந்த வடக்கு யெல்லோஸ்டோன் எல்க் கூட்டம் 2013இல் 4,000க்கும் கீழே இறங்கியது. பூங்காவின் வடக்கு எல்லைக்கு அப்பால், மான்டானாவின் கார்டினர் பகுதியில் குளிர்கால எல்க் வேட்டை பெரிய அளவில் நடந்துவந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆயிரக்கணக்கில் வழங்கப்பட்ட பெண் எல்க் அனுமதிச் சீட்டுகள் 2006இல் 100ஆகச் சுருங்கின. சில ஆண்டுகளில் அந்த வேட்டையே நிறுத்தப்பட்டது. அதை நம்பியிருந்த வழிகாட்டிகளின் தொழில் படுத்தது. ஓநாய் வந்தது, எல்க் போனது, வேட்டை முடிந்தது என்று வரிசையாகச் சொன்னால் வழக்கு முடிந்துவிட்டதுபோலத் தெரியும். ஆனால் இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததாலேயே முன்னது பின்னதற்கு ஒரே காரணம் ஆகிவிடாது. அந்த 20 ஆண்டுகளில் யெல்லோஸ்டோனில் வேறு என்னென்ன நடந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1996-97இன் குளிர்காலம் மிகக் கொடியது. பனி இறுகி, புல்லை எட்ட முடியாமல் பெருந்தொகையான மான்கள் மடிந்தன. அதன்பின் நீண்ட வறட்சி வந்து, கோடைப் புல்லின் சத்தைக் குறைத்தது. கிரிஸ்லி கரடிகளும் பூமாக்களும் அதே காலத்தில் பெருகின. 2003 முதல் 2005 வரை எல்க் கன்றுகளுக்கு அலைபரப்பி பொருத்திக் கண்காணித்தபோது, இறந்த கன்றுகளில் பாதிக்கு மேல் கரடிகளுக்கு இரையானவை என்று தெரிந்தது. ஓநாய்களின் பங்கு அதைவிட மிகவும் குறைவு. கரடிகள் கன்றுகள் பக்கம் திரும்பியதற்கு மனிதர்களும் ஒரு காரணம். யாரோ திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து விட்ட ஏரி டிரவுட் மீன்கள் 1994இல் யெல்லோஸ்டோன் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டன. அவை உள்ளூர் கட்த்ரோட் மீன்களைத் தின்று அருகச் செய்தன. ஓடைகளில் ஏறிவரும் அந்த மீன்களை உண்டு வாழ்ந்த கரடிகள் எல்க் கன்றுகளைத் தேடத் தொடங்கின. இவற்றுக்கு நடுவே துப்பாக்கியின் பங்கையும் எடைபோட வேண்டும். வேட்டைக்காரர்கள் சுட்ட பெண் எல்க்குகளின் சராசரி வயது ஆறரை. ஆண்டுதோறும் கன்று ஈனும் வயது அது. ஓநாய்கள் கொன்ற பெண் எல்க்குகளின் சராசரி வயதோ 14ஐ ஒட்டி. ஓநாய் எடுத்தது பெரும்பாலும் கன்றுகளையும் கிழடுகளையும். வட்டியில் கைவைப்பவரையும் அசலைச் செலவழிப்பவரையும் ஒரே குற்றத்துக்கு ஒரே அளவில் பொறுப்பாக்க முடியாது. ஓநாய்கள் வந்த பிறகும் பல ஆண்டுகள் பெண் எல்க்குகளை ஆயிரக்கணக்கில் சுட அனுமதித்த முடிவு மனிதர்கள் எடுத்த முடிவு. அதை முன்பே குறைத்திருந்தால் சரிவு இவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்காது. 2003இன் இறுதியில் பூங்காவில் 174ஆக இருந்த ஓநாய்கள், இரை குறைந்ததும் தாமே குறைந்து 100ஐ ஒட்டி நின்றன. அதன்பின் எல்க் கூட்டமும் மெல்ல ஏறியது.

ஓநாய்க்கு எதிரான மிக வலுவான சான்று ஐடஹோ மாநிலத்தின் லோலோ பகுதியில் இருக்கிறது. அதை ஒளித்துவைத்து வாதாடக் கூடாது. 1989இல் அங்கே சுமார் 16,000 எல்க் இருந்தன. 2017இல் ஆயிரத்துக்கும் குறைவு. நாடெங்கும் புகழ்பெற்ற ஒரு வேட்டைக்களம் ஒரு தலைமுறைக்குள் இல்லாமல் போயிற்று. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் வளர்ந்த பெண் எல்க்குகளின் சாவுக்கு ஓநாய்களே முதன்மைக் காரணம் என்று மாநில ஆய்வுகள் காட்டின. ஆயினும் கதை ஓநாயில் தொடங்கவில்லை. 1910இல் ஐடஹோ, மான்டானா காடுகளை எரித்த பெருந்தீயும், அதன்பின் வந்த தீகளும் லோலோவின் மலைச்சரிவுகளைத் திறந்த புதர்க்காடாக மாற்றியிருந்தன. எல்க் பெருகியது அந்தப் புதர்களைத் தின்றுதான். பிறகு தீயணைப்பே கொள்கையாயிற்று. புதர்களை மரங்கள் மூடின, தீவனம் குறைந்தது. ஓநாய்கள் அங்கே காலூன்றும் முன்பே எல்க் சரியத் தொடங்கிவிட்டது. 1996-97இன் பனி மேலும் ஒரு அடி கொடுத்தது. கரடிகளும் பூமாக்களும் கன்றுகளைக் குறைத்தன. இப்படித் தளர்ந்துபோன கூட்டத்தின் மீது ஓநாய் வந்து விழுந்தபோது, அது எழவே முடியாமல் போனது. 2011க்குப் பிறகு மாநில அரசு பல குளிர்காலங்களில் ஹெலிகாப்டரிலிருந்து லோலோ ஓநாய்களைச் சுட்டது. எல்க் கூட்டம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தீவனம் தராத காட்டில் ஓநாயை மட்டும் அகற்றினால் என்ன கிடைக்கும் என்பதற்கு லோலோ ஒரு பாடம்.

அதே ஐடஹோவின் மற்ற பகுதிகளைப் பாருங்கள். மாநிலம் முழுவதிலும் வேட்டையில் கிடைத்த எல்க் 1990களின் நடுவில் உச்சத்தில் இருந்தது. பிறகு சரிந்து, 2010ஐ ஒட்டி அடிமட்டத்தைத் தொட்டது. 2014 முதல் மீண்டும் ஆண்டுக்கு 20,000ஐத் தாண்டியது. 2019இல் மாநிலத்தில் சுமார் 1,500 ஓநாய்கள் இருப்பதாக அரசே மதிப்பிட்டது. அத்தனை ஓநாய்கள் இருந்தபோதுதான் எல்க் வேட்டை நல்ல பலனைத் தந்துகொண்டிருந்தது. இங்கே ஒரு மறுப்பு எழும்: சராசரி வயிற்றை நிரப்பாது, தெற்கே எல்க் கொழிப்பதால், வடக்கே தலைமுறை தலைமுறையாக ஒரே மலையில் வேட்டையாடியவருக்கு என்ன பயன்? மறுப்பு சரியானது. ஓநாய் இருக்கும் இடத்தில் எல்க்கின் நடத்தையும் மாறலாம். திறந்த வெளியைத் தவிர்த்து அடர்ந்த காட்டுக்குள்ளோ, வேட்டைக்காரர் நுழைய முடியாத தனியார் பண்ணைகளுக்குள்ளோ அது ஒதுங்கலாம். மான் இருந்தும் கைக்கு எட்டாத நிலை இது. ஆனால் இந்த மறுப்பு மாநிலம் தழுவிய ஓநாய் ஒழிப்புக்கு ஆதரவாக நிற்கவில்லை. இழப்பு ஒரு வட்டாரத்தில் என்றால் மருந்தும் அந்த வட்டாரத்துக்கு உரியதாகத்தான் இருக்க வேண்டும். தனியார் நிலத்தில் எல்க் அடைந்துகிடக்கிறது என்றால், நிலவுடைமையாளரோடு பேசி வேட்டைக்கு வழி திறப்பதே தீர்வு. அங்கே ஓநாயைக் கொல்வதால் வேலி திறக்காது.

மலைகளை விட்டுப் பேரேரிகளின் பக்கம் வந்தால் இரை மாறுகிறது, கணக்கும் மாறுகிறது. மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் மிச்சிகனின் வடக்குத் தீபகற்பத்திலும் ஓநாயின் முதன்மை உணவு வெண்வால் மான். ஒரு ஓநாய் ஆண்டுக்கு 15 முதல் 20 மான்கள் அளவுக்குத் தின்னும். மினசோட்டாவில் வேட்டைக்காரர்கள் மிக அதிகமாக, சுமார் 2,90,000 மான்களைச் சுட்ட ஆண்டு 2003. அப்போது அங்கே ஓநாய்களின் மதிப்பீடு சுமார் 3,000. 2014இல் வேட்டை 1,40,000க்கும் கீழே போயிற்று. ஓநாய்களோ அப்போது 2,400 அளவில்தான் இருந்தன. ஓநாய் குறைந்த காலத்தில் மானும் குறைந்ததற்கு விளக்கம் அதற்கு முந்தைய இரண்டு கடுங்குளிர்காலங்களிலும், அவற்றைக் கண்டு அரசு பெண் மான் அனுமதியைச் சுருக்கியதிலும் இருக்கிறது. மினசோட்டாவின் தெற்கு விளைநிலங்களில் ஓநாயே இல்லை, ஆகவே மாநில எண்ணிக்கை வடக்கின் துயரத்தை மறைக்கிறது என்று வேட்டைச் சங்கங்கள் சொல்கின்றன. அதிலும் உண்மை உண்டு. வடக்குக் காட்டில் பனி ஆழமாகும்போது மான் தளர்கிறது, தளர்ந்த மானை ஓநாய் எளிதில் பிடிக்கிறது. குளிர்காலத்தின் அடியை ஓநாய் நீட்டித்து, மீட்சியைத் தாமதப்படுத்த முடியும். ஆனாலும் அந்த நாடகத்தின் முதல் காட்சியை எழுதுவது பனிதான். பனியை வேட்டைக்காரர் சுட முடியாது என்பதற்காக ஓநாய் முதற்குற்றவாளி ஆகிவிடாது.

விஸ்கான்சினில் 2021 பிப்ரவரியில் நடந்தது இந்தக் கணக்குக்குள் வராத அவசரத்தின் விளைவு. ஓநாய் வேட்டைக்கு உரிமம் பெற்றவர்களுக்கு 119 என்று வரம்பு வைத்தார்கள். மூன்று நாட்கள் முடிவதற்குள் 218 ஓநாய்கள் கொல்லப்பட்டன. ஒஜிப்வே பழங்குடிகளுக்கு 81 ஓநாய்களின் பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஓநாயைச் சகோதரனாகக் கருதும் அவர்கள் அந்தப் பங்கைக் கொல்லாமல் விட விரும்பினார்கள். அவர்களுடைய பங்கையும் சேர்த்தே மற்றவர்கள் சுட்டுத் தீர்த்தார்கள். அதே 2021இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, ஓநாய்கள் திரும்பிவந்த விஸ்கான்சின் மாவட்டங்களில் மான்கள் வாகனங்களில் மோதும் விபத்துகள் சுமார் 24 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. கால்நடை இழப்புக்கு அரசு தரும் ஈட்டுத்தொகையைவிட இந்த விபத்துக் குறைவின் பொருளாதாரப் பலன் பல மடங்கு பெரியது. மான் குறைந்ததால் மட்டும் கிடைத்த பலன் அல்ல இது. சாலைகளை ஒட்டி நடமாடும் ஓநாய்களுக்கு அஞ்சி மான்கள் விலகியதும் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வேட்டைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் இழப்பாக எழுதப்படும் ஒன்று, அதே சாலையில் வண்டி ஓட்டுபவரின் புத்தகத்தில் வரவாக இருக்கிறது. மான் பொதுச் சொத்து என்றால் இரண்டு பக்கங்களையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் இரண்டு நாடுகள் இரண்டு எதிர்ப் பாடங்களைத் தருகின்றன. சுவீடனில் மூஸ் என்னும் பெரிய மானின் வேட்டை கிராம வாழ்வின் திருவிழா. அங்கே ஒரு ஓநாய்க் கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மூஸ்களைக் கொல்லும். மரத்தோட்டங்களைக் காப்பதற்காக மூஸ் எண்ணிக்கை வேட்டையாலேயே கட்டுக்குள் வைக்கப்படும் நாடு அது. அதனால் ஓநாய் தின்னும் பங்கு நேராக வேட்டைக்காரர் பங்கிலிருந்துதான் கழிகிறது. ஓநாய் எல்லைக்குள் இருக்கும் வேட்டைக் குழுக்கள் தாம் சுடும் அளவைக் குறைத்தன, குறிப்பாகப் பெண் மூஸ்களை விட்டுவைத்தன. அதனால் கூட்டம் சரியவில்லை. இழப்பு உண்மையானது, அதைச் சுமந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். தளர்த்திவிட்ட வேட்டை நாய்களை ஓநாய்கள் கொல்வது இன்னும் ஆழமான காயம். அதே சமயம், 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 1,70,000ஐத் தாண்டிய சுவீடன் மூஸ் வேட்டை பின்னர் பாதிக்கும் கீழே இறங்கியதற்கு, சில நூறு ஓநாய்களைக் காரணம் காட்ட முடியாது. ஜெர்மனியில் 2000ஆம் ஆண்டு சாக்சனியின் லாவுசிட்ஸ் பகுதியில், ஒரு இராணுவப் பயிற்சிக் களத்தில் ஓநாய்கள் மீண்டும் குட்டி போட்டன. இன்று 200க்கும் மேற்பட்ட கூட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் முதன்மை உணவு ரோ மான். ஆனால் நாடு முழுவதும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சுடப்பட்டுவந்த ரோ மான்களின் எண்ணிக்கை இந்தக் கால் நூற்றாண்டில் சரியவில்லை. மிதமான குளிர், வயலோரத் தீவனம், இளங்காடு ஆகியவை இருக்கும் இடத்தில் மான் பெருகும் வேகத்தை ஓநாயால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

இதையெல்லாம் படித்து, ஓநாய் எங்கும் தீங்கு செய்யாது என்று முடிவு கட்டுவதும் பிழை. அலாஸ்காவின் கொரனேஷன் தீவில் 1960இல் நான்கு ஓநாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை பெருகி, அந்தச் சிறு தீவின் மான்களை ஏறக்குறைய துடைத்தெடுத்தன. பிறகு உணவின்றி அவையும் அழிந்தன. தப்பியோட இடமில்லாத சிறு நிலத்தில், வேறு இரையும் இல்லாதபோது, ஓநாய் தன் இரையை முடித்துவிடும். ஜெர்மனியில்கூட, கோர்சிகா, சார்டினியா தீவுகளிலிருந்து கொண்டுவந்து சமவெளியில் விடப்பட்டிருந்த முஃப்லான் காட்டாடுகள், ஓநாய் வந்த பிறகு லாவுசிட்ஸில் மறைந்தன. பாறைகளில் ஏறித் தப்பும் விலங்குக்கு அங்கே பாறை இல்லை. ஓநாய் ஆதரவாளர்களும் தம் பங்குக்கு மிகைப்படுத்துகிறார்கள். ஓநாய் திரும்பியதும் யெல்லோஸ்டோனின் ஆற்றங்கரைகள் தாமாகவே பச்சை பிடித்தன என்ற கதை உலகெங்கும் பரவியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஆய்வு அவ்வளவு எளிதல்ல என்று காட்டியது. அணை கட்டும் பீவர்கள் போய், நிலத்தடி நீர் இறங்கிவிட்ட ஓடைகளில் வில்லோ மரங்கள் குட்டையாகவே நின்றன. மான்களைத் தாக்கும் நலிவு நோயை ஓநாய்கள் கட்டுப்படுத்தும் என்ற நம்பிக்கையும் இன்றுவரை பெரும்பாலும் கணித மாதிரிகளில்தான் நிற்கிறது. ஓநாயை அரக்கனாக்குபவரும் அற்புத மருந்தாக்குபவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்: பல காரணங்களின் பின்னலிலிருந்து ஒரு இழையை மட்டும் உருவி எடுத்து, அதுவே துணி என்கிறார்கள்.

எஞ்சியிருக்கும் மறுப்பு நடைமுறையைச் சார்ந்தது. பனியையும் வறட்சியையும் காட்டின் வயதையும் நம்மால் உடனே மாற்ற முடியாது, ஓநாயை மட்டும்தான் குறைக்க முடியும், ஆகவே முடிந்ததைச் செய்வோம் என்கிறார்கள். இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, ஓநாய் ஒரு ஈட்டில் நான்கைந்து குட்டிகள் போடும் விலங்கு. அதன் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமானால் ஆண்டுதோறும் பெரும் பங்கைக் கொன்றுகொண்டே இருக்க வேண்டும். பூங்கா எல்லையில் ஒரு பருவம் சுடுவதால் மான் கூட்டம் மீளாது; 2021-22 குளிர்காலத்தில் யெல்லோஸ்டோன் எல்லைக்கு வெளியே கொல்லப்பட்ட 25 ஓநாய்களால் வேட்டைக்காரருக்குக் கிடைத்த எல்க் அதிகமானதற்குச் சான்று இல்லை. உலகிலேயே மிக நுட்பமாகக் கவனிக்கப்பட்ட ஓநாய்க் குடும்பங்கள் சிதைந்ததுதான் மிச்சம். இரண்டாவது, மாற்ற முடிந்தவை வேறும் உண்டு. பெண் மான் அனுமதிச் சீட்டு மனிதர் கையில் இருக்கிறது. அதை இந்த ஆண்டே கூட்டலாம், குறைக்கலாம். கட்டுப்படுத்திய தீயால் பழைய காட்டைத் திறந்து புதர் வளர்க்கலாம். மேய்ச்சல் பாதைகளை வேலியின்றி வைக்கலாம். லோலோபோலத் தளர்ந்த கூட்டத்தில், தீவனத்தை மீட்கும் பணியோடு சேர்த்து, வரையறுத்த காலத்துக்கு ஓநாய்களைக் குறைப்பதையும் நான் மறுக்கவில்லை. அளந்து பார்க்கும் திட்டமும் நிறுத்தும் நாளும் இல்லாத கொலையைத்தான் மறுக்கிறேன்.

இந்த விவாதம் இப்போது புதிய களங்களுக்கு நகர்ந்திருக்கிறது. கொலராடோ மக்கள் 2020இல் வாக்கெடுப்பு நடத்தி, மிகக் குறுகிய வித்தியாசத்தில் ஓநாயைத் திரும்பக் கொண்டுவர முடிவு செய்தார்கள். 2023 டிசம்பரில் ஓரிகனிலிருந்து 10 ஓநாய்களும், 2025 ஜனவரியில் கனடாவிலிருந்து 15 ஓநாய்களும் அங்கே விடப்பட்டன. அமெரிக்காவிலேயே அதிகமான எல்க் வாழும் மாநிலம் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் ஓநாயின் பாதுகாப்பை ஒரு படி இறக்கி, ஓநாயை எப்படிக் கையாள்வது என்பதில் உறுப்பு நாடுகளுக்குக் கூடுதல் சுதந்திரம் கொடுத்தது. இரண்டு முடிவுகளும் வாக்குகளால் எடுக்கப்பட்டவை. இனி அவற்றை நடத்த வேண்டியது கணக்குகள். கொலராடோ, ஓநாய் பரவும் முன்பே ஒவ்வொரு எல்க் கூட்டத்திலும் நூறு பெண் மான்களுக்கு எத்தனை கன்றுகள் குளிர்காலத்தைத் தாண்டுகின்றன என்று எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் சரிவு வந்தால் எது காரணம் என்று சொல்ல அது ஒன்றுதான் உதவும். ஐரோப்பிய அரசுகள், ஓநாயைச் சுட அனுமதி தரும் முன் அந்த வட்டாரத்தின் மான், பனி, தீவனம், துப்பாக்கி நான்கின் எண்களையும் மக்கள் முன் வைக்கக் கடமைப்பட்டவை. கன்று விகிதம் குறைந்தால் முதலில் பெண் மான் அனுமதியைக் குறைக்கட்டும். அதன் பிறகும் கூட்டம் தேறாவிட்டால், ஓநாயே தடை என்று அளவீடு காட்டினால், அந்த வட்டாரத்தில் மட்டும் நடவடிக்கை எடுக்கட்டும். வேட்டைக்காரர்கள் கேட்க வேண்டியதும் இந்த ஒழுங்கைத்தான். ஓநாய் ஒழிந்தால் மான் நிறையும் என்று வாக்குறுதி தரும் அரசியல்வாதி, தேய்ந்துபோன காட்டையும் தவறாகக் கணித்த அனுமதிச் சீட்டையும் அவர்கள் கண்ணிலிருந்து மறைக்கிறார். அந்த இரண்டும் சரியாகாதவரை, கடைசி ஓநாய் விழுந்த பிறகும் அவர்களுடைய மலையில் எல்க் திரும்பிவராது.